வடநாட்டுப் பணித்தளத்தில் பத்து நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

வடக்கே ஒரு மிஷனெரிப் பணித்தளத்துக்கு முதல்முறை நான் போனது ஒரு டிசம்பரில். மூன்று மூட்டை பழைய துணி, ஒரு கிட்டார், தமிழில் எழுதி மனப்பாடம் செய்த இரண்டு பிரசங்கங்கள். துணி மூட்டைகள் அவிழ்க்கப்படாமலே திரும்பின. பிரசங்கத்தைக் கேட்க ஆள் இல்லை. எல்லாரும் நெல் அறுப்பில் இருந்தார்கள். ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் குளிர்க்காய்ச்சல். அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டேன். இப்போது எங்கள் சபை வாலிபர்கள் யாராவது கிளம்பினால் என்னிடம்தான் பட்டியல் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் போனது ஜார்க்கண்ட் மாநிலத்தின் சாகிப்கஞ்ச் மாவட்டம், ராஜ்மகல் மலைகள். மேலே பகாடியா மக்கள், கீழே சமவெளியில் சந்தால் மக்கள். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு ரயிலும் பருவமும் மாறும். மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. இடத்தை அல்ல, ஆளை முதலில் பிடியுங்கள்

"எங்காவது ஒரு கிராமத்துக்குப் போய் ஊழியம் செய்வோம்" என்று ஜெபக்கூட்டத்தில் முடிவெடுத்துக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கிளம்பாதீர்கள். அந்த ஊரில் குடும்பத்தோடு தங்கி, மொழி கற்று, பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கு அனுப்பும் பணியாளர் ஒருவர் அழைத்தால் மட்டுமே போக வேண்டும். 1903-ல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் முதல் பல அமைப்புகளின் பணியாளர்களைத் தமிழ்நாட்டுச் சபைகள் தாங்கி வருகின்றன. உங்கள் சேகரமோ சபையோ எந்தப் பணித்தளத்துக்குக் காணிக்கை அனுப்புகிறது என்று போதகரிடம் கேட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

பயணத்துக்கு ஐந்து மாதம் முன்பே அந்தப் பணியாளருக்கு (நாங்கள் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவோம்) கடிதமோ தொலைபேசியோ போக வேண்டும். அப்போது "நாங்கள் வந்து என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக, "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்த மாதத்தில் வந்தால் உங்களுக்குச் சுமையா, உதவியா? எத்தனை பேர் வரலாம்? பெண்கள் தங்க இடம் உண்டா? எந்த வேலைக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறீர்கள்? இரண்டாம் முறை போனபோது கிடைத்த பதில், "விடுதிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தர ஆள் வேண்டும், கூரைத் தகடு மாற்ற இரண்டு பேர் வேண்டும்." பிரசங்கியார் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆறு பேருக்கு மேல் போகாதீர்கள். மலைக்கு ஏறும் ஜீப், பணித்தள வீட்டின் தண்ணீர், அண்ணியின் அடுப்பு ஆகிய மூன்றும் அதற்கு மேல் தாங்காது.

2. மாதம்

தமிழ்நாட்டில் விடுமுறை கிடைக்கும் இரண்டு காலமும் அங்கே சரிப்படாது. மே மாதத்தில் வெயில் கொளுத்தும். மலையுச்சிக் கிராமங்களில் தண்ணீர் கீழே உள்ள ஊற்றிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் பெண்களின் தலையில். அந்த நேரத்தில் நாம் ஆறு பேர் போய் நின்று குளிக்கத் தண்ணீர் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மலைப்பாதை சேறு. அக்டோபர், மழை விட்டவுடன் மலேரியா. நவம்பர் பிற்பாதியும் டிசம்பரும் அறுவடை. டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

மிச்சமிருப்பது பிப்ரவரி. இரவில் குளிரும், பகலில் இதமாக இருக்கும், கொசுவும் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள் இப்போதே விடுப்பைக் குறித்து வையுங்கள். பயணத்துக்கே போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பத்து நாள் விடுப்பு என்றால் கையில் ஆறு நாள்தான்.

3. சட்டம்: இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் 2002-ல் வந்து, 2004-ல் விலக்கப்பட்டுவிட்டது. அதனால் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. வடக்கே நிலைமை வேறு. ஒடிசாவில் 1967 முதல் சட்டம் இருக்கிறது. குஜராத், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றிலும் உண்டு. உத்தரப் பிரதேசம் 2024-ல் தண்டனையை மேலும் கடுமையாக்கியது.

ஜார்க்கண்டில் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். வற்புறுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றுவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணோ, சிறுவரோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரோ என்றால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய். நீங்கள் போகும் மலையில் இருக்கும் எல்லாருமே பழங்குடியினர் என்பதை நினைவில் வையுங்கள். மதமாற்றச் சடங்கு நடத்த மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதியும் வேண்டும். ஆகவே பத்து நாள் விருந்தாளியாகப் போகிறவர் ஞானஸ்நானம் என்ற பக்கமே தலைவைக்கக் கூடாது.

"அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு நமக்கு உரிமை தருகிறதே" என்று ஒரு தம்பி கேட்டார். தருகிறது. சமயத்தை அறிவிக்கும் உரிமை உண்டு. ஆனால் பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் "ஆசை காட்டுதல்" என்ற சொல். பரிசு, பணம், பொருளாதார நன்மை எல்லாம் அதற்குள் வரும். என் பழைய துணி மூட்டைகளைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறியது இதனால்தான். "தம்பி, நீங்கள் ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போய்விடுவீர்கள். அடுத்த வாரம் அந்தச் சேலைக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும்." துணி, போர்வை, மிட்டாய், மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டும் என்று மனம் துடித்தால், பணித்தளம் நடத்தும் பள்ளிக்கோ விடுதிக்கோ ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சேர்ந்துகொள்ள நினைக்கும் உறவினர்களுக்கு: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் சுற்றுலா விசாவில் வந்து ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் செய்யவோ துண்டுப்பிரதி கொடுக்கவோ கூடாது. அதற்கு மிஷனெரி விசா தனியாக உண்டு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் மிஷனெரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவிப்பு வந்திருக்கிறது. சிங்கப்பூர் மச்சானும் கனடா அத்தையும் "நான் ஓசிஐதானே" என்று சொல்லிக்கொண்டு மலையேறுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

4. காகிதங்கள்

ஒரு நெகிழிக் கோப்பில் இவை இருக்கட்டும்:

ஆதார் அசல், நகல் நான்கு. தங்கும் இடத்தில் ஒன்று, பணித்தளக் கோப்பில் ஒன்று, யாராவது கேட்டால் கொடுக்க இரண்டு. போதகரின் பரிந்துரைக் கடிதம், சபையின் முகவரித் தாளில், முத்திரையுடன். தமிழில் மட்டும் எழுதி வாங்கி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அங்கே அதைப் படிக்க அவரைத் தவிர ஆள் இல்லை. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். பணித்தளத்திலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தின் அச்சு. மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்று, இரத்த வகை குறித்தது. திருமணமாகாத இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வைத்திருப்பது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் வழியில் கேள்வி கேட்கிறவர்கள் கேட்பார்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களை அழைத்துப்போகவே போகாதீர்கள்.

ஜார்க்கண்ட் செல்ல அனுமதிச் சீட்டு தேவையில்லை. அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் என்றால் உள்நுழைவு அனுமதி கட்டாயம். அதற்கான நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

கடிதத்தில் பயண நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள். "சுற்றுலா" என்று எழுதிவிட்டு வேதாகமப் பெட்டியோடு இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: இந்தச் சபையிலிருந்து வந்திருக்கிறோம், இன்னார் வீட்டில் தங்குகிறோம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம்.

5. டிக்கெட்

சென்னையிலிருந்து ஹவுரா, அங்கிருந்து சாகிப்கஞ்ச். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. இன்னும் பழைய கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

பொறிகள் மூன்று. ஒன்று, கோரமண்டல் விரைவு ரயில் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஹவுராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாலிமார் நிலையத்தில் நின்றுவிடுகிறது. ஷாலிமாரில் இறங்கி, டாக்சி பிடித்து ஹவுரா நிலையம் சேர நேரம் ஒதுக்குங்கள். காலையில் சென்னையில் ஏறினால் மறுநாள் முற்பகல் ஷாலிமார்; இரவு ஜமால்பூர் நோக்கிப் போகும் ரயிலில் ஏறினால் விடியும் முன் சாகிப்கஞ்ச். நடுவில் இருக்கும் பகலை வீணாக்காதீர்கள், ஹவுரா நிலையத்தில் குளித்துவிட்டுத் தூங்குங்கள். முந்தின ரயில் தாமதமானால் அந்தப் பகல்தான் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டு, திரும்பும் டிக்கெட் அதே நாளில் திறக்காது. போகும் நாளுக்கு ஒரு 60, திரும்பும் நாளுக்கு வேறொரு 60. போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்து, முதல்முறை நான் பொதுப்பெட்டியில் கதவோரம் உட்கார்ந்து வந்தேன்.

மூன்று, ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்; தட்கலில் நான்கு பேர்தான். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதாரோடு இணைத்த கணக்கு வேண்டும். குழுவில் ஒருவராவது அதை முன்கூட்டியே செய்து வைத்திருங்கள். படுக்கை வசதிப் பெட்டிக்குத் தட்கல் திறக்கும் காலை பதினொரு மணிக்கு அதை ஓடிப்பிடிக்க முடியாது.

6. பணம்

என் கடைசிப் பயணத்தில் ஆளுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. சென்னை முதல் ஹவுரா வரை படுக்கை வசதிப் பெட்டிக்குச் சுமார் 700, அங்கிருந்து சாகிப்கஞ்ச் 300-க்குள். போக வர இரண்டாயிரம். வழிச் சாப்பாடும் டாக்சியும் ஆயிரத்து இருநூறு. ஜீப்பில் என் பங்கு எண்ணூறு. தங்கலுக்கும் உணவுக்கும் ஒரு நாளைக்கு 250 வீதம் அண்ணியின் கையில் கொடுத்தோம். மிச்சம் மருந்து, கொசுவலை, அவசரத்துக்கு.

"காணிக்கை கொடுப்போம், சாப்பாட்டுக்கு எதற்குத் தனியாக?" என்று வாதம் வரும். பணித்தளக் குடும்பங்களின் மாதப் படி எவ்வளவு என்று விசாரித்தால் அந்த வாதம் அடங்கிவிடும். ஆறு பேர் ஆறு நாள் சாப்பிட்டால் அவர்கள் வீட்டு மாத அரிசி காலி. போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலையே கொடுத்துவிடுங்கள். கிளம்பும்போது உறையில் போட்டு நீட்டினால், அதுவரை கடையில் கடன் வாங்கித்தான் உங்களுக்குச் சமைத்திருப்பார்கள்.

வெளிநாட்டு உறவினர் "நானும் கொஞ்சம் தருகிறேன்" என்றால் நில்லுங்கள். அவர் இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர் என்றால் அவருடைய சொந்தச் சம்பளப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டவர் என்றால், அவர் தமிழராக இருந்தாலும் சரி, உங்கள் கூடப்பிறந்தவராகவே இருந்தாலும் சரி, பணித்தளத்துக்கான அவருடைய நன்கொடை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அதற்கெனப் பதிவு பெற்ற அமைப்பு, டெல்லியில் உள்ள குறிப்பிட்ட வங்கிக் கிளைக் கணக்கு வழியாக மட்டுமே வாங்க முடியும். பையில் போட்டு எடுத்துப்போய்க் கையில் கொடுப்பது அண்ணனுக்கு நீங்கள் செய்யும் தீங்கு.

7. உடம்பு

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்கள், சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோட்டா, கருங்காய்ச்சலுக்கும் பெயர்போனவை. வடக்கே காலா அஜார் என்பார்கள். அதைப் பரப்பும் மணல் ஈ கொசுவைவிடச் சிறியது. சாதாரண வலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். மருந்து தோய்த்த வலை வாங்குங்கள், தரையில் படுக்காதீர்கள், மாலையானதும் முழுக்கை சட்டை. இதைவிட அடிக்கடி வருவது மலேரியா. கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்து, எந்த மாவட்டம் என்று சொல்லித் தடுப்பு மாத்திரை கேளுங்கள். பொதுவாக டாக்சிசைக்ளின் எழுதுவார்கள். போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி நான்கு வாரம் வரை தினமும் போட வேண்டும். நான் ஊர் வந்ததும் நிறுத்திவிட்டேன். பலன், மூன்றாம் வாரம் நடுக்கம். கர்ப்பிணிகளுக்கு அந்த மருந்து ஆகாது. அவர்கள் இந்தப் பயணத்தையே தள்ளிப்போடலாம்.

மருத்துவ முகாம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குழுவில் பதிவு பெற்ற மருத்துவர் இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். தொடர்ந்து சாப்பிட வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையைப் பத்து நாளைக்கு மட்டும் கொடுத்துவிட்டு வருவது உதவி ஆகாது.

8. பை

தோளில் மாட்டும் ஒரே பை, பத்து கிலோ. கடைசி நான்கு கிலோமீட்டர் ஏற்றம், சக்கரப் பெட்டி அங்கே உருளாது. கம்பளிச் சட்டை, போர்வை, டார்ச், பவர் பேங்க், சோப்பு, வலை, கழற்ற எளிதான செருப்பு, நீர் சுத்திகரிக்கும் மாத்திரை. பெண்களுக்குச் சல்வார், துப்பட்டா. ஆண்கள் அரைக்கால் சட்டையில் ஊருக்குள் நடக்காதீர்கள். கிட்டாரை வீட்டில் வையுங்கள். அங்கே மத்தளம் உண்டு, அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் உண்டு.

அண்ணிக்கு என்ன வேண்டும் என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போங்கள். புளி, சாம்பார்ப்பொடி, அப்பளம். இதைத் தவிர நான் கொண்டுபோன எதற்கும் இவ்வளவு வரவேற்பு கிடைத்ததில்லை.

9. மலையில்

முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். ஊர்த் தலைவரை அண்ணனோடு போய்ப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். பகாடியாக்களின் மால்டோ மொழி நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. "நீ" என்பதற்கு அவர்கள் "நீன்" என்று சொன்னதைக் கேட்டபோது, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. அதற்காக மொழி புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இருபது சொல் எழுதிக்கொண்டு போய்ப் பயன்படுத்துங்கள்; சிரிப்பார்கள், அது நல்லது.

மக்காச்சோளமும் தட்டைப்பயறும் போட்டால் சாப்பிடுங்கள். ஒரு பிடி குறைவாகக் கேளுங்கள், இலையில் மிச்சம் வைக்காதீர்கள். தண்ணீர் எடுக்கும் வேலையில் கூடப் போங்கள்; ஒரு குடம் தூக்கிப் பார்த்தால், அடுத்த முறை முகம் கழுவும்போது கை தானாகக் குறையும்.

யாராவது ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள். சொல்லாத வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து வாருங்கள். அவர்கள் வழிபாட்டிடத்தையும் பண்டிகையையும் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், விளையாட்டுக்கும் வேண்டாம்.

புகைப்படம். இதுதான் எல்லாரும் சறுக்கும் இடம். எங்கள் குழுவில் ஒருவர் ஜெபக் கூட்டத்தைப் படம் எடுத்து, கிராமத்தின் பெயரோடு அன்றிரவே பகிர்ந்துவிட்டார். நாங்கள் ஊர் வந்து பத்து நாளில் அண்ணனைக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்று முறை போய் உட்கார வேண்டியிருந்தது, விடுதிக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்புவதை அவர்கள் வீட்டார் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அப்போது இங்கே சபை மேடையில் பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது எங்கள் குழுவில் ஒருவர் கையில்தான் கேமரா. அண்ணன் பார்த்துச் சரி என்ற படங்கள் மட்டுமே ஊருக்கு வரும். குழந்தைகள் முகம் வேண்டாம், ஊர்ப் பெயர் வேண்டாம், இருப்பிடக் குறியை அணைத்துவிடுங்கள்.

10. திரும்பிய பின்

சபையில் சாட்சி நேரம் தருவார்கள். நேரலை ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்" என்று கணக்குச் சொல்லச் சொல்லி மேடையிலிருந்தே கேட்கிறவர்கள் உண்டு. நீங்கள் செய்தது கணக்குப் பாடமும் கூரை வேலையும் என்றால் அதையே சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்குள், அதற்குப் பிறகும் பல மாதம் வரை, எந்தக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, "ஜார்க்கண்ட் மலைக்குப் போய் வந்தேன், மலேரியா பரிசோதனை எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. டெங்கு, டைபாய்டு என்று நான்கு நாள் வேறு வேறு பரிசோதனை, ஐந்தாம் நாள் ஒரு செவிலியர்தான், "எங்காவது வெளியூர் போனீர்களா?" என்று கேட்டார்.

செலவுக் கணக்கை ரசீதுகளோடு சபைச் செயலரிடம் இரண்டு வாரத்துக்குள் ஒப்படையுங்கள். மலேரியா மாத்திரை நான்கு வாரம் முடியும்வரை அதன் பெட்டி கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். என்னுடையது இப்போது பல் துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.